மீன் பார்க்கிறவரின் வெயில் கண்ணாடி

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளாகிய உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி உங்கள் முதலாளி கேட்டிருக்கிறார். சொல்கிறேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் உங்கள் கடைக்கு வந்து ஒரு மூலையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் யாரென்று உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. அந்த அரை மணி நேரத்தில் வெயில் கண்ணாடி கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கலர் வேண்டும் என்பது. அடுத்த காரியமாக முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கி அவர்கள் முன்னால் வைத்தீர்கள். அவர்கள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். எடுப்பாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். வியாபாரம் முடிந்துவிட்டது.

அந்த மனிதர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறார்கள், எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒருவராவது கேட்டீர்களா? மூன்றாவதாக வந்தவருக்கு இரண்டு கண்ணிலும் மூக்கோரத்தில் சதை தடித்து மஞ்சளாக ஏறியிருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது, ஒரு முழம் தள்ளி நின்று அவர் காதில் கண்ணாடியை மாட்டிவிட்டவருக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து வெளியே போய்விட்டேன்.

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு என்று நினைக்க வேண்டாம். இந்த ஆத்திரத்தில் பாதி என் மேல்தான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில், வடசேரியில் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய கண்ணாடிக் கடையில். அந்தக் கடை இப்போது இல்லை. முதலாளி சென்னப்பட்டணத்தில் போய்க் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கும் படிப்பு படித்துவிட்டு வந்தவர். வெடுவெடு என்று பேசுவார். அவர் வாயிலிருந்து நல்ல பேர் வாங்குவதற்குள் எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அதையும் உடனே தொலைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் வெயில் கண்ணாடி வாங்க யார் வந்தார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். போட்டோ பிடிக்கப் போகிறவர்கள் வந்தார்கள். கல்யாண மாப்பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெரிய வயல்காரர் வந்தார். களத்தில் நிற்கும்போது தான் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கூலியாட்களுக்குத் தெரியக் கூடாதாம், அதற்கு நல்ல கறுப்பாக ஒன்று வேண்டும் என்றார். குடை பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் வந்தார்கள். குடையும் இல்லாமல் தலையில் ஒரு துண்டோடு நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவன் ஒருவன்கூட வரவில்லை. வயலில் இருந்து வரவில்லை, உப்பளத்தில் இருந்து வரவில்லை, கடலில் இருந்து வரவில்லை. முதலாளிக்கு இது பொறுக்கவில்லை. அவன் வரமாட்டான் என்றால் நாம் போவோம் என்று ஒரு பெட்டியைக் கட்டிக் கொடுத்து, மாதம் ஒரு தடவை கடற்கரைப் பக்கம் போய்வர என்னை விரட்டினார். கடைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை போகச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் போனேன்.

முட்டத்துக்குப் பக்கத்தில் பாறைகள் நிறைந்த ஒரு கடற்கரை ஊர். பேர் வேண்டாம். ஞாயிறு காலையில் பூசை முடிந்து சனம் மாதா கோயிலை விட்டு வெளியே வரும் நேரத்துக்கு நான் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேருவேன். கோயில் வளாகத்தில் ஒரு மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்துகொள்ள சாமியார் அனுமதி தந்திருந்தார். அங்கேதான் சூசை மிக்கேலைப் பார்த்தேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் வேலை கடலுக்குள் போவது அல்ல. பாறையின் மேல் நிற்பது. கரைமடி என்ற பெரிய வலையை இழுக்கிற ஊர்களில் அப்படி ஒருவர் இருப்பார். மீன் கூட்டம் எங்கே வருகிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, துண்டை வீசிக் காட்டுவார். வலையை ஏற்றிக்கொண்டு வள்ளம் அந்தத் துண்டைப் பார்த்தே போகும், அந்தத் துண்டைப் பார்த்தே வளையும். பிறகு இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று முப்பது நாற்பது பேர் இழுப்பார்கள். அத்தனை வீட்டு அடுப்பும் பாறையில் நிற்கும் அந்த ஒரு ஆளின் கண்ணை நம்பித்தான். தண்ணீர் லேசாகச் சிவந்தால் சாளை, கறுத்தால் வேறொன்று, பொடிப்பொடியாகத் துடித்தால் நெத்திலி என்று எனக்கு விளக்குவார். நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான்.

இருபத்தைந்து வருஷம் கடலின் பளபளப்பைப் பார்த்ததில் அவர் இரண்டு கண்ணிலும் மூக்கோரத்தில் இருந்து சதை வளர்ந்து கருவிழியின் விளிம்பைத் தொட்டிருந்தது. வலது கண்ணில் கொஞ்சம் அதிகம். ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். அறுத்து எடுக்கலாம், ஆனால் திரும்பவும் அதே வெயிலில் போய் நின்றால் திரும்பவும் வளரும், முதலில் கண்ணுக்கு மறைப்பு போடு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருக்கு அந்தப் பாறையை விட்டால் வேறு வேலை தெரியாது. கண்ணில் சதை என்று தெரிந்ததும் மடியின் சொந்தக்காரர் தன் மைத்துனனைப் பாறையில் ஏற்றுவதற்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார். இதை சூசை மிக்கேல் சொல்லவில்லை, அவர் மனைவி மரியதங்கம் சொன்னார்.

எனக்கு ஒரே பெருமை. வெயிலில் நிற்கிற ஒரு மனிதன் கிடைத்துவிட்டான். பெட்டியில் இருந்ததிலேயே கறுத்த கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டேன். கறுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் போனபோது அவர் அந்தக் கண்ணாடியை ஒரு ஓலைக்கொட்டானில் போட்டுக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார். கோபப்படவில்லை. அதை மாட்டிக்கொண்டு பாறையில் நின்ற அன்று ஒரு பெரிய சாளைக் கூட்டம் அவர் கண் முன்னாலேயே கடந்துபோய் அடுத்த ஊர் மடியில் ஏறியதாம். ஒன்றுமே தெரியவில்லை, கடல் முழுக்க அந்தியாகக் கிடந்தது என்றார். ஊரில் ஒரு வாரம் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றுகொண்டார்.

"ஏலே, கறுப்பா இருந்தா வெயிலத் தடுத்துருமா? கண்ணு வெளிச்சத்தக் கண்டா பாவையச் சுருக்கிக்கிடும். அது கடவுளு வச்ச தாழ்ப்பாளு. நீ கறுப்ப மாட்டி அந்தத் தாழ்ப்பாளத் திறந்து விட்டிருக்க. கண்ணக் கெடுக்கது நமக்குத் தெரியாத கதிராக்கும். வெறும் கறுப்புச் சில்லு அதத் தடுக்காது. திறந்த வாசல் வழியா நேரா உள்ள போவும்."

நீங்கள் இப்போது புற ஊதா என்று ஸ்டைலாகச் சொல்கிறீர்களே, அதுதான் அவர் சொன்ன தெரியாத கதிர். அந்தக் கதிரைத் தடுக்கிற லென்ஸ் சில்லு அப்போதே இருந்தது. வார்க்கும்போதே அதற்கென்று சில உப்புகளைச் சேர்த்து வார்த்தது. பார்த்தால் லேசான புகைநிறம், அவ்வளவுதான். நிறங்களை அதிகம் மாற்றாது. விலை அதிகம் என்பதால் கடையில் வைத்திருக்கவில்லை. முதலாளி பட்டணத்துக்கு எழுதி வரவழைத்தார். வெறும் சில்லு போதாது, பக்கவாட்டில் வருகிற வெளிச்சமும் மணலில் இருந்து மேலே அடிக்கிற வெளிச்சமும் உள்ளே புகக் கூடாது என்று பெரிய வட்டமாக வெட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் மெல்லிய தோலில் மறைப்பு தைத்துப் பொருத்தினார். அவர் இப்படி ஒரு கண்ணாடிக்காக மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

அதை எடுத்துக்கொண்டு நான் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஓர்மை இருக்கிறது. சூசை மிக்கேலும் மரியதங்கமும் கைகட்டி நின்று கேட்டார்கள். இது பழைய கறுப்புக் கண்ணாடி மாதிரி இல்லை, இதற்குள் மருந்து சேர்த்திருக்கிறது, கண்ணுக்கு அவ்வளவு நல்லது என்றேன். உப்பு, கதிர் என்றெல்லாம் அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று நானாகத் தீர்மானம் செய்துகொண்டு மருந்து என்று சொல்லி முடித்துக்கொண்டேன். பிறகு பராமரிப்பு. அதை மட்டும் நீட்டி முழக்கிச் சொன்னேன். பிரேம் செல்லுலாய்டு. வெயிலில் வைத்தால் வளைந்துவிடும், கடையிலேயே ஜன்னலோரத்தில் இருந்த இரண்டு வளைந்து போயிருந்தன. ஆகவே வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்புக்காற்று படக் கூடாது, மணல் படக் கூடாது, ஈரக்கையால் தொடக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, போடாத நேரமெல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். மரியதங்கம் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாதம் போனேன். கோயிலில் இருந்து வெளியே வந்த கூட்டத்தில் சூசை மிக்கேல் கண்ணாடியோடு வந்தார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அதற்கு அடுத்த மாதமும் கண்ணாடியோடு வந்தார். மழைக்காலத்தில் சைக்கிள் போகாது, இரண்டு மாதம் போகவில்லை. பிறகு போனபோதும் கண்ணாடியோடுதான் இருந்தார். பூசைக்குள் வெயில் கண்ணாடியா என்று சாமியார் முதலில் முகம் சுளித்தாராம். கண்நோவு என்று தெரிந்ததும் விட்டுவிட்டாராம். ஒவ்வொரு மாதமும் கடைக்கு வந்து முதலாளியிடம் அளப்பேன். கடற்கரையில் ஒரு ஆள் நாம் கொடுத்ததை விடாமல் போடுகிறார், ஒரு ஞாயிறு தவறியது கிடையாது என்பேன். அந்த வார்த்தையைச் சொன்ன என் வாய்க்குக்கூட அதன் அர்த்தம் தட்டுப்படவில்லை.

ஒரு வருஷம் ஆனபோது, பிரேமின் திருகாணியை இறுக்குவதற்காக அந்தக் கண்ணாடியை மரியதங்கத்திடம் இருந்து ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தேன். திருகாணி தளர்ந்து போகவில்லை, ஒரு வருஷம் ஆயிற்றே என்று நானாக வாங்கி வந்தேன். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தோல் மறைப்பை முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வருஷம் கடக்கரையில நிண்ண கண்ணாடியில ஒரு கீறலு உண்டா? கீலுல ஒரு பொட்டு உப்பு உண்டா? தோலு வியர்வை மணம்கூட இல்லியே. நீ அவன எண்ணைக்குப் போய்ப் பாக்க?"

ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவர் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். 

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஊருக்குப் போய்விட்டேன். வழியெல்லாம் எனக்கு ஒரு நப்பாசை. கண்ணாடிதான் என்னிடம் இருக்கிறதே, அவர் இன்று வெறும் கண்ணோடு நின்றால் அதில் என்ன தப்பு என்று. சூசை மிக்கேல் பாறையில் நின்றார். ஒரு கையை நெற்றிக்கு மேல் பிடித்து, முகத்தை முழுக்கச் சுருக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் இருந்து தண்ணீர் கன்னத்தில் வடிந்து காய்ந்து வெள்ளையாகத் தடம் பிடித்திருந்தது. அது அன்று ஒரு நாளில் பிடித்த தடமா என்ன! என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கீழே இறங்கிவந்தார். கண்ணாடியை நீட்டினேன். அவர் கையை முண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கி, அதை மூடி, பக்கத்தில் நின்ற மரியதங்கத்திடம் கொடுத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

போடவில்லையா என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே விசித்திரமாக இருந்தது.

"இண்ணைக்குச் செவ்வாயில்லியா? மருந்துக்கண்ணாடியப் போட்டா வெயிலு படப்படாது, உப்புக்காத்து படப்படாதுண்ணு நீதான தம்பி பத்தியம் சொன்ன. எனக்கு வெயிலு படாம இருக்கியது ஞாயித்துக்கிழமை மட்டுமாக்கும். அண்ணைக்குக் காலத்த போட்டா அந்திவரைக்கும் கழத்தமாட்டேன். மருந்து நல்லா இறங்கட்டும்ணு வீட்டுக்குள்ள இருட்டுல இருப்பேன்."

பத்தியம்! கஷாயம் குடித்தால் புளி சேர்க்கக் கூடாது, எண்ணெய் தேய்த்தால் வெயிலில் போகக் கூடாது என்று எந்த வைத்தியன் சொன்னாலும் ஒரு அணுவும் பிசகாமல் காக்கிற சனம் அது. மருந்து என்று சொன்னவன் நான். வெயில் படக் கூடாது என்று சொன்னவனும் நான். அவர் இரண்டையும் சேர்த்து வைத்து, அதற்கு எது பொருளோ அதைச் செய்திருக்கிறார். வெயிலுக்காகச் செய்த கண்ணாடியை ஒரு வருஷம் வெயில் படாமல் காப்பாற்றியிருக்கிறார். அவர் அண்ணன் மகன் கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூடக் கொடுக்கவில்லையாம். அதையும் பெருமையாகச் சொன்னார்.

எனக்கு என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. கத்தினேன். வெயிலுக்குத்தானே இது, வெயிலுக்குத்தானே இது என்று அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். என்னைவிட இருபது வயது மூத்த மனிதர், என் சத்தத்துக்கு முன்னால் கை கட்டி நின்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சத்தம் கேட்டு மடியின் சொந்தக்காரர் வந்தார். வள்ளத்தில் வலை ஏற்றி, ஆட்கள் தயாராக நின்றார்கள். நாலு நாளாக மீன் இல்லை. சூசை மிக்கேலுக்குக் கண் போய்விட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. மடிக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சூசை மிக்கேலிடம் மட்டும், இன்றைக்கும் வலை வெறுமையாக வந்தால் நாளைக்குப் பாறையில் தன் மைத்துனன் நிற்பான் என்றார்.  மரியதங்கம் கண்ணாடிப் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

சூசை மிக்கேல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதப் போட்டுட்டு நிக்கட்டா, போடாம நிக்கட்டா? நீயே சொல்லு. நீ சொல்லியத நான் செய்யுதேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போடச் சொன்னால், பழக்கமில்லாத கண்ணாடியில் தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறித் தெரிந்து, கறுப்புக் கண்ணாடியில் நடந்தது திரும்ப நடக்கலாம். அதோடு அவர் பிழைப்பு போயிற்று. போட வேண்டாம் என்றால் இன்றைக்குப் பாறை அவருடையது, ஆனால் கண்ணாடி போட்டால் வேலை நடக்காது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். பிறகு ஜென்மத்துக்கும் அவர் அதைத் தொடமாட்டார். முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. மீனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும். புதிய சில்லுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் மடிக்காரரிடம் அரை மணி நேரம் கேட்டேன்.

"மீனு அரை மணிக்கூர் காத்து நிக்குமா?" என்றார்.

நிற்காது என்றேன். ஆனால் நாலு நாளாக வராத மீன் இந்த அரை மணி நேரத்தில்தான் வரும் என்று என்ன நிச்சயம் என்றும் கேட்டேன். வாய்த்துடுக்குதான். அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, வள்ளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சூசை மிக்கேலைப் பாறைக்கு ஏற்றி, கண்ணாடியை மாட்டிவிட்டேன். மீனைத் தேட வேண்டாம், தினமும் பார்த்து அவருக்கு மனப்பாடமாக இருக்கிற இடங்களை மட்டும் பாருங்கள் என்றேன். தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் கல் எங்கே, மணல் தரை எங்கே, ஆழம் தொடங்குவது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். போட்டுப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள், எது எப்படி மாறுகிறது என்று உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முதல் பத்து நிமிஷம் அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார்.  பிறகு மெதுவாக அவர் நெற்றியில் இருந்த கையைக் கீழே இறக்கினார். முகத்தில் இருந்த சுருக்கம் போயிற்று. கழற்றிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

"கொள்ளாம், கண்ணு கூசல்ல" என்றார். அதற்குப் பிறகு கடலை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

அரை மணி நேரம் கழிந்து இன்னும் ஒரு மணி நேரம் நின்றோம். வள்ளக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நான் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிடலாமா என்று நாலு தடவை வாயைத் திறந்தேன், நாலு தடவையும் மூடிக்கொண்டேன். திடீரென்று அவர் துண்டை மேற்குப் பக்கம் வீசினார். வள்ளம் பாய்ந்தது. எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. துண்டு வளைந்தது, வள்ளமும் வளைந்தது. கயிறு கரைக்கு வந்து இரண்டு பக்கமும் இழுக்கத் தொடங்கியபோது நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன், உள்ளங்கை உரிந்துவிட்டது. மடி கரையேறியபோது அதில் சாளை நிறைந்து கிடந்தது. மடிக்காரர் மீனைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், மைத்துனனைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பெருமையில் மிதந்தேன். கதையை நான் இங்கே முடித்தால் நீங்களும் கை தட்டிவிட்டுப் போவீர்கள். ஆனால் பாறையை விட்டு இறங்கிவந்தவரின் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தபோது வலது கண்ணில் சதை பாவைவரைக்கும் ஏறியிருந்தது. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கண்ணைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கழற்றச் சொல்லிப் பார்க்கவில்லை, காலையில் கத்தின கத்தலில் அவர் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. இடது கண்ணை என் கையால் மூடி, என்ன தெரிகிறது என்று கேட்டேன். வெள்ளையாக இருக்கிறது, நீ நிற்பது தெரிகிறது, உன் முகம் தெரியவில்லை என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மழைக்காலத்தில் இருந்து என்றார். மருந்து வேலை செய்யும்போது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாராம். அன்று அந்தச் சாளைக் கூட்டத்தை அவர் கண்டுபிடித்தது ஒற்றைக் கண்ணால்.

மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலது கண்ணில் சதை பாவையை மூடிவிட்டது. அறுத்து எடுக்கலாம், ஆனால் கருவிழியில் விழுந்த வெள்ளைத் தழும்பு போகாது, அந்தக் கண்ணால் இனிக் கடலைப் பார்க்க முடியாது என்றார் டாக்டர். போன வருஷமே மறைப்பு போட்டுக்கொண்டு நின்றிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. இடது கண்ணில் சதை இன்னும் விளிம்போடு நிற்கிறது, இனிமேல் ஒரு நாள் தவறாமல் போட்டால் நிற்கும் என்றார். நின்றது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்த ஒரு கண்ணோடு, கண்ணாடியில் கீறல் விழுந்து விழுந்து மூன்று தடவை சில்லு மாற்றி, அவர் பாறையில் நின்றார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. சதையை அறுத்து எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வலது கண்ணில் கட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.  என்மேல்தான் தப்பு, நீங்கள் என்னை நாலு திட்டு திட்டிவிடுங்கள் என்றேன். அவர் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ சொன்னதுல ஒண்ணையும் நாங்க விடல்ல தம்பி. இனி வேற ஆருக்காவது குடுக்கும்போ முழுசாச் சொல்லு. நாங்க கேப்போம்."